பன்னிரண்டு டிஸ்க்கில் பதினைந்தாம் எண்

கலாதேவிக்கு ஐம்பத்தொரு வயது. மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை இருக்கிறது. பதினொரு வருடங்களாக அந்த அறைக்கு அவள்தான் மகாராணி. உள்ளே எந்நேரமும் பதினெட்டு டிகிரி குளிர். அவள் வீடு இருக்கும் புந்தோங் தார்ச்சாலையில் முட்டையை உடைத்து ஊற்றினால் ஆம்லெட் எடுத்துவிடலாம் என்கிற வெயில் நாளிலும் அவள் கழுத்து வரை கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் புறப்படுவாள். பஸ்ஸில் பார்க்கிறவர்கள் பாவம், காய்ச்சல்காரி என்று எழுந்து இடம் கொடுப்பார்கள். அவளும் ஒரு தடவை லேசாக இருமிவிட்டு உட்கார்ந்துகொள்வாள்.

அந்த அறைக்குள் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி. அதற்கு ரேக் என்று பெயர். அதன் நடுத்தட்டில் ஒரு பெட்டி, பெட்டியின் முகத்தில் வரிசையாகப் பன்னிரண்டு டிஸ்க்குகள். ஆஸ்பத்திரியில் எடுக்கிற அத்தனை எக்ஸ்ரே, அத்தனை ஸ்கேன் படங்களும் அவற்றில்தான் கிடக்கின்றன. ஈப்போவில் யார் யார் முழங்கால் தேய்ந்திருக்கிறது, யார் யார் வயிற்றில் கல் வளர்கிறது என்பதெல்லாம் அந்தப் பன்னிரண்டுக்கும் தெரியும். கலாதேவிக்கு அந்தப் பன்னிரண்டையும் தெரியும். எந்த டிஸ்க் எந்தச் சுருதியில் முனகும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. ஒரு முறை தீபாவளி லீவில் வீட்டில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தவள், "என்னமோ ஒண்ணு இருமுது" என்று மாவுக்கையோடு ஓடிவந்து பார்த்தாள் என்றும், சொல்லி வைத்தாற்போல் ஒரு டிஸ்க் படுத்திருந்தது என்றும் ஆஸ்பத்திரிக் கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். நடுவில் நாலு மைல் தூரம் இருக்கிறதே என்று கேட்கிறவர்களுக்கு அங்கே தே ஓ டீகூடக் கிடைக்காது.

அவள் அந்த அறைக்கு வந்ததே ஒரு வேடிக்கை. ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்த வேலை துணி அறையில். படுக்கை விரிப்புகளை எண்ணி அனுப்புவதும், எண்ணி வாங்குவதும். சலவை இயந்திரங்களின் சூடு தாங்காமல், மதியம் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு குளிர் அறையின் வாசலில் வந்து உட்காருவாள். அப்போது அறையைப் பார்த்துக்கொண்டவர் லூங் என்கிற சீனர். ஒரு நாள் அவர், "கலா, கொஞ்சம் விளக்கு பாத்துக்கோ, நான் மீ சாப்பிட்டு வாரேன்" என்று தமிழும் மலாயுமாகச் சொல்லிவிட்டு நூடுல்ஸ் சாப்பிடப் போனார். போனவர் போனவர்தான். கோலாலம்பூரில் வேறு வேலை கிடைத்துவிட்டதாம். கலாதேவி அப்போதிருந்த பழைய பெட்டியின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வாரக் கடைசியில் ஒரு விளக்கு நிறம் மாறியது. சுவரில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டு, அவர்கள் சொன்னபடியே அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு மாட்டினாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளிடமே வந்தார்கள். சம்பளச் சீட்டில் மட்டும் அவள் இன்றுவரை 'துணி அறை ஊழியர்'.

பிறந்தது சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஆறு வயதில் தோட்டம் கைமாறிப்போக, குடும்பத்தோடு புந்தோங்குக்கு வந்துவிட்டாள். ஐந்தாம் படிவம் வரை படித்தாள், அறிவியலில் கெட்டி. ஆனாலும் லூங் விட்டுப்போன புத்தகத்தில் இருந்த ஆங்கிலச் சொற்கள் அவள் வாய்க்குள் நுழைய மறுத்தன. நுழைய மறுக்கிற விருந்தாளியை எத்தனை தடவைதான் கூப்பிடுவது? தோட்டத்துச் சொற்களை எடுத்துத் தானே பெயர் வைத்துவிட்டாள். டிஸ்க்குகள் வரிசையாக இருக்கும் பெட்டி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயம். ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு வீடு. எதை எங்கே எழுதுவது என்று உத்தரவு போடும் இரண்டு கண்ட்ரோலர்களும் தோட்டத்துக் கணக்குப்பிள்ளைகளான கிராணிகள். ஒரு கிராணி படுத்தால் இன்னொருத்தர் அதே பேரேட்டைத் திறந்துகொண்டு வேலையைத் தொடர்வார். யாராவது வராவிட்டால் இறங்கி வேலை செய்ய, பெயர் கொடுத்துவிட்டு ஓரமாகக் காத்திருக்கும் டிஸ்க்குக்கு உபரி ஆள். காலையில் வந்ததும் வராததுமாக அவள் எடுக்கும் கணக்கெடுப்புக்கு, தோட்டத்தில் விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டு.

பெரட்டு என்றால் சும்மா தலையை எண்ணுவது இல்லை. அவள் தன் லேப்டாப்பில் ஒவ்வொரு டிஸ்க்காகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிட்ட டிஸ்க்கின் மஞ்சள் விளக்கு மினுக்கும். அதற்குக் கை தூக்குதல் என்று பெயர். கை தூக்காத டிஸ்க்கைத் தொடக்கூடாது என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். ஒரே ஒரு டிஸ்க்கின் இடத்தில் மட்டும் அந்த விளக்கு மூன்று வருடங்களுக்கு முன்பே அணைந்துபோயிற்று. சாமானை விற்ற கம்பெனிக்கு மூன்று முறை எழுதிப் போட்டாள். "டிஸ்க் வேலை செய்கிறதல்லவா, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று மூன்று முறையும் பதில் வந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் அவள் வேறு வழி வைத்திருந்தாள். இடப்பக்கத்து ஆளையும் வலப்பக்கத்து ஆளையும் கை தூக்கச் சொல்வாள். நடுவில் சும்மா நிற்பதுதான் அது.

இதெல்லாம் கெட்டிக்காரத்தனம். அவள் செய்த தப்பையும் சொல்லிவிட வேண்டும்.

பதினொரு வருடங்களுக்கு முன்னால் அந்தப் பெட்டி புதிதாக வந்து இறங்கியபோது, முகப்பில் எண்ணே இல்லை. எண்கள் போட்ட ஸ்டிக்கர்த் தாள் ஒன்றை அவள் கையில் கொடுத்து, ஒட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் நாலாம் மாடி கிடையாது. லிஃப்டில் மூன்றுக்கு மேல் 3A, அதற்கு மேல் ஐந்து. நாலாம் வார்டு கிடையாது. நாலாம் கட்டில் கிடையாது. சீனர்களுக்கு நாலு ஆகாது, அவர்கள் பாஷையில் அது சாவு என்பதுபோல ஒலிக்கும்; ஆஸ்பத்திரியில் கேட்கவே வேண்டாம். வருடக்கணக்கில் விரிப்புகளைக் கட்டில் எண் பார்த்து அனுப்பிய கை அது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டிவிட்டு, யோசிக்காமல் ஐந்துக்குத் தாவியது.

பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவள் எக்ஸ்ரே பிரிவின் ஆலிஸ். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பன்னிரண்டாம் எண்ணை ஒட்டி முடிந்ததும் கலாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சீனவங்க நம்பருக்கு மட்டும் பயந்தா போதுமா? எங்களுக்குப் பதிமூணு ஆகாதுலா."

"சரி, விட்டுருவோம். பதினாலு போடவா?"

"அதுலயும் நாலு இருக்கே!"

கடைசி டிஸ்க்குக்குப் பதினைந்து என்று ஒட்டினாள். மொத்தம் பன்னிரண்டு டிஸ்க், கடைசியின் எண் பதினைந்து. இது போதாதென்று இயந்திரம் வேறு தன் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிற ஜாதி. ஆகவே இயந்திரம் ஆறு என்றால் ஸ்டிக்கரில் எட்டு. இயந்திரம் பதினொன்று என்றால் ஸ்டிக்கரில் பதினைந்து. ஒரு மாதத்திலேயே கலாதேவிக்கு இது தெரிந்துவிட்டது. ஆனால் மாற்றவில்லை. தன் வீட்டு அடுப்படிக்குப் போக யாராவது வழிகாட்டிப் பலகை வைப்பார்களா? வருடா வருடம் வரும் பரிசோதனைத் தாளில் 'எண்கள் சரியாக ஒட்டப்பட்டுள்ளனவா?' என்ற கேள்விக்கு நேராக 'ஆம்' என்று ஒரு டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு வந்தாள். பதினொரு டிக், பதினொரு கையெழுத்து.

இந்த வருடம் ஆஸ்பத்திரி நிர்வாகம் கைமாறியது. புதியவர்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். பெட்டியை விற்ற கம்பெனி வைக்கும் தேர்வில் பாஸ் செய்தவர் மட்டுமே குளிர் அறைக்குள் போகலாம். பாஸ் செய்தால் 'ஸ்டோரேஜ் டெக்னீஷியன்' என்ற பதவி. செய்யாவிட்டால் அறையின் கதவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய வேலைக்குப் போக வேண்டும். கலாதேவிக்கு அந்தத் தாளின் மற்ற வரிகள் எதுவும் கண்ணில் படவில்லை. பழைய வேலை என்றால் விரிப்பு எண்ணுவது. பதினொரு வருடம் பெரட்டு எடுத்தவள் திரும்பப் போய் விரிப்பு எண்ணுவதா?

சுற்றறிக்கையோடு ஒரு சொற்பட்டியலும் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் விளக்கம். அவளுடைய லயமும் கிராணியும் உபரி ஆளும் அதில் இல்லை.

அவள் புருஷன் பழனியப்பன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நல்ல மனிதர், சந்தேகம் மட்டும் கொஞ்சம் அதிகம். சாயங்காலம் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தால், பட்டியலை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நாற்காலி போட்டுவிடுவார். அவள் மீனைப் பொரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும்.

"ஸ்னாப்ஷாட்."

"ஒரு குறிப்பிட்ட நேரத்துல டேட்டா எப்படி இருந்துச்சோ அதே மாதிரி ஒரு நிலையைப் பிடிச்சு வைக்கிறது."

"அப்ப அது பேக்கப்தானே?"

"இல்ல. ஸ்னாப்ஷாட் அதே பெட்டியிலயே இருக்கும். பெட்டி எரிஞ்சா அதுவும் போச்சு. பேக்கப் தனியா வெளியில இருக்கணும்."

"பட்டியல்ல இவ்ளோ பெருசா இல்லையே. அரை மார்க்குதான்."

"நீங்க பஸ் ஓட்டுறதுக்கு நான் மார்க் போட்டிருந்தா, இந்த வீட்ல என்னைக்கோ சைக்கிள்தான் இருந்திருக்கும்."

"ஏசாதலா. அடுத்தது. ஹாட் ஸ்பேர்."

"உபரி ஆள்."

"தப்பு. அப்படிச் சொன்னா தேர்வு எடுக்க வர்ற ஆளு சைபர் போடுவாரு. ஒழுங்கா சொல்லு."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒழுங்காகச் சொன்னாள். இப்படி மூன்று வாரம். பழனியப்பனின் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கே பாதிச் சொற்கள் மனப்பாடமாகிவிட்டன. ஏனென்றால் மனிதர் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் பட்டியலைச் சத்தம் போட்டுப் படித்துப் பார்ப்பார்.

தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. எட்டே காலுக்கு அவள் வழக்கம்போலப் பெரட்டு எடுக்க உட்கார்ந்தாள். இயந்திரக் கணக்கில் ஆறாம் டிஸ்க் போய்ச் சேர்ந்திருந்தது. விளக்கு அணைந்துபோன அதே டிஸ்க். எப்போது செத்தது என்பதற்கு வெளியில் ஒரு அடையாளமும் இல்லை. முகத்தில் பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. லேப்டாப் மட்டும் உண்மையைச் சொன்னது. உபரி ஆள் இறங்கிவிட்டார், செத்த டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் மற்ற டிஸ்க்குகளை வைத்துத் திரும்ப எழுதும் வேலை ஆரம்பித்துவிட்டது, நூற்றில் பதினொன்று முடிந்திருக்கிறது. முழுவதும் முடியச் சாயங்காலம் ஆகும். அதுவரை இன்னொரு டிஸ்க் போனால் அவ்வளவுதான். படம் மொத்தமும் போய்விடும். வெளியே டேப்பில் இருப்பதை எடுத்துத் திரும்ப ஏற்ற இரண்டு நாள் ஆகும்.

"இன்னைக்குத்தானா உனக்குச் சாக நேரம் கெடச்சிச்சு?" என்று கலாதேவி அதன் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

பத்து மணிக்குச் சரியாகத் தேர்வாளர் வந்தார். பெயர் உடையப்பன். ஈப்போ பக்கத்து லகாட்டில் பிறந்து வளர்ந்து, இப்போது ஷா ஆலமில் இருக்கிறவர். ஐம்பத்தெட்டு வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா. வடக்கே கெடாவிலிருந்து தெற்கே ஜொகூர் வரை அவர் ஃபெயில் போட்டவர்களை ஏற்றினால் பழனியப்பனின் பஸ் இரண்டு நடை அடிக்க வேண்டியிருக்கும் என்று பேச்சு. கலாதேவி நீட்டிய மைலோவை அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் குடிக்கவில்லை. அது அவளுக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

அறையின் வெளியே போட்டிருந்த மேசையில் வாய்மொழிக் கேள்விகள். அவர் பட்டியலைப் பார்க்காமலே கேட்டார். அவளும் தட்டாமல் சொன்னாள். ஸ்லாட், என்குளோஷர், கண்ட்ரோலர், ஃபெயில் ஓவர். முப்பது சொற்களில் இருபத்தொன்பது சரி. முப்பதாவது பேரிட்டி. பட்டியலில் இருந்த விளக்கத்தை அவள் ஒரு மூச்சில் ஒப்பித்தாள்.

உடையப்பன் பேனாவை மூடினார். "மேடம், இது எனக்கும் மனப்பாடம். நான்தான் எழுதுனேன். உங்களுக்குப் புரிஞ்சதைச் சொல்லுங்க."

கலாதேவி கேட்டாள்: "கோலாட்டம் பாத்திருக்கீங்களா சார்?"

"பாத்திருக்கேன்."

"பதினோரு பேர் வட்டமா ஆடுறாங்க. ஒருத்தி கால் சுளுக்கி உக்காந்துட்டா. அவ குச்சி எந்தப் பக்கம் போயிருக்கும்னு மத்த பத்துப் பேர் நிக்கிற நிலையை வச்சே சொல்லிறலாம். அவ இடத்துல வேற ஒரு ஆளை நிறுத்தி, நீ இங்க அடி, அங்க அடின்னு சொல்லி ஆட்டத்தை நடத்திறலாம். அதான் பேரிட்டி. ஆனா அந்தப் புது ஆளு பழகி முடியிறதுக்குள்ள இன்னொருத்தியும் உக்காந்துட்டா, யாரு எங்க அடிக்கணும்னு யாருக்கும் தெரியாது. ஆட்டம் கலைஞ்சுது."

உடையப்பன் மைலோவை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சரி, செய்முறை. உங்க ஸ்டோரேஜ்ல இன்னைக்கு ஏதோ டிஸ்க் போயிருக்குன்னு கம்பெனிக்கு மெசேஜ் வந்திருக்கு. நல்லதாப் போச்சு, அதையே பண்ணிறலாம். புது டிஸ்க் இருக்கா?"

"இருக்கு சார். கீழ்த்தட்டுல."

அறைக்குள் போனார்கள். உடையப்பன் சட்டைக்கு மேல் ஒன்றும் போடாமல் வந்ததால் முதல் நிமிடத்திலேயே தோளைக் குறுக்கிக்கொண்டார். குளிர் அறையில் யாருமே நின்று நிதானித்து வேலை செய்வதில்லை. சட்டென்று முடித்துக்கொண்டு வெளியே போகத்தான் கை பரபரக்கும். அவர் லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார்.

"ஸ்லாட் சிக்ஸ். ஃபெயில்ட். நான் கழட்டுறேன் மேடம், நீங்க ஒவ்வொரு ஸ்டெப்பா சொல்லிக்கிட்டே வாங்க."

சொல்லிக்கொண்டே அவர் கை போனது. பெட்டியின் முகத்தில் 6 என்று எழுதிய ஸ்டிக்கருக்கு நேராக. கைப்பிடியின் கொக்கியில் விரல் பட்டுவிட்டது.

அவர் விரல் வைத்திருந்தது நல்ல டிஸ்க். வெளியே இழுத்தால் இரண்டாவது ஆளும் உட்கார்ந்த மாதிரிதான். இழுக்கவிடாமல் தடுக்க வேண்டுமானால் ஸ்டிக்கர் தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால் பதவி போனது, அறை போனது, நாளைக்கு விரிப்பு எண்ணலாம். இதையெல்லாம் கலாதேவி பிற்பாடு உட்கார்ந்து யோசித்ததுதான். அந்த நேரத்தில் யோசிக்க ஏது அவகாசம்? சந்தையில் பர்ஸ் திருடுகிறவனைப் பிடிக்கிற மாதிரி அவர் மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்துவிட்டாள்.

"கை வைக்காதீங்க அண்ணே!"

உடையப்பன் திகைத்துப்போனார். அவர் முப்பது வருட உத்தியோகத்தில் தேர்வு எழுதுகிறவர் யாரும் அவர் கையைப் பிடித்தது இல்லை. காலைப் பிடித்தவர்கள் உண்டு.

"என்ன மேடம் இது?"

"அது ஆறு இல்ல."

"ஆறுன்னு எழுதியிருக்கே."

"எழுதியிருக்கிறது தப்பு."

"யாரு ஒட்டுனது?"

லூங் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். லூங் மீ சாப்பிடப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. எந்த ஊரில் இருக்கிறாரோ, யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? அந்தச் சொல் கலாதேவியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்து, கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தது.

"நான்தான்" என்றாள். "பதினோரு வருசமா சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

உடையப்பன் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். "காட்டுங்க."

அவள் லேப்டாப்பில் ஆறாம் டிஸ்க்கைக் கூப்பிட்டாள். பன்னிரண்டு முகங்களில் ஒன்றும் மினுக்கவில்லை.

"இதுக்கு மட்டும் விளக்கு போச்சு. மூணு தடவை உங்க கம்பெனிக்கு எழுதிட்டேன். இப்ப பாருங்க." ஐந்தாம் டிஸ்க்கையும் ஏழாம் டிஸ்க்கையும் கூப்பிட்டாள். இரண்டு மஞ்சள் விளக்குகள் மினுக்கின. ஒன்றின் ஸ்டிக்கர் 7. இன்னொன்றின் ஸ்டிக்கர் 9. "நடுவுல சும்மா நிக்குதே, எட்டுன்னு போட்டிருக்கே, அதுதான் செத்தது."

உடையப்பன் இடமிருந்து வலமாக விரல்விட்டு எண்ணினார். பூஜ்யத்தில் ஆரம்பித்து மறுபடி எண்ணினார். நாலு இல்லாததையும், கடைசியில் பதினைந்து இருப்பதையும் அப்போதுதான் பார்த்தார்.

"நாலு எங்க?"

"இந்த ஆஸ்பத்திரியில நாலு கெடையாது சார். லிஃப்ட்ல வந்தப்ப பாக்கலையா?"

"பதிமூணு?"

"அது ஆலிஸுக்கு ஆகாது."

"அப்ப இப்ப நான் இழுக்கப் போனது?"

"மெஷின் கணக்குல நாலு."

அந்த நேரம் பார்த்துக் கதவு பாதி திறந்தது. ஆலிஸ் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். அவளுக்குத் தேர்வும் தெரியாது, தேர்வாளரும் தெரியாது.

"அக்கா, அந்த லாரிக்கார ஐயா இடுப்புப் படம் இன்னும் தொறக்கலலா! உள்ள டாக்டர் கத்தியை வச்சுக்கிட்டு நிக்கிறாரு!"

"வரும். இன்னைக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் வரும். ஆனா வரும், போ."

கதவு மூடியது. உடையப்பன் அங்கிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கலாதேவி தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டாள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோஜாப்பூப் போட்ட சட்டை. அவருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

எட்டு என்று ஒட்டிய டிஸ்க்கை அவளே கழற்றினாள். கைப்பிடியை விடுவித்து, அரை விரல் இழுத்து, உள்ளே சுற்றுவது நிற்கும்வரை பொறுத்து, பிறகு முழுவதும் எடுத்தாள். புதியதை உள்ளே தள்ளி, கொக்கி மாட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தாள். ஒவ்வொரு படியையும் பட்டியலில் இருக்கும் சொல்லாலேயே சொன்னாள்.

வெளியே வந்து உடையப்பன் படிவத்தை விரித்தார். முதல் பேனாவில் மை வரவில்லை. இரண்டாவதை எடுத்தார்.

"எண் ஒட்டுனது தப்பு. பரிசோதனைத் தாள்ல சரின்னு கையெழுத்துப் போட்டதும் தப்பு. ரெண்டையும் எழுதித்தான் ஆகணும். மறைக்க மாட்டேன்."

"எழுதுங்க சார்."

"அந்த இடத்துக்கு மார்க் சைபர்."

"சரி சார்."

"இன்னொண்ணும் எழுதணும்." அவர் நிமிர்ந்து பார்க்காமலே எழுதிக்கொண்டே போனார். "தேர்வாளர், அடையாள விளக்கைப் போட்டுப் பாக்காம, தவறான டிஸ்க்குல கை வச்சார். தேர்வு எழுதுனவர் தடுத்தார். இல்லாட்டி படம் எல்லாம் போயிருக்கும். கீழ என் கையெழுத்து."

கலாதேவி பதறிப்போனாள். "அது எதுக்கு சார்? உங்க வேலைக்கு சூசா, சிக்கல்னு ஆயிராதா?"

"ஆகும். உங்களுது மட்டும் ஆகலாமா?" உடையப்பன் மூன்றாவது பேனாவை எடுத்துத் தேதி போட்டார். "விளக்குப் போடாம தொடக் கூடாதுன்னு அந்தப் பட்டியல்ல நூத்தி அறுபதாவது சொல்லோட விளக்கத்துல எழுதுனவன் நான், தங்கச்சி."

போகும்போது முடிவைச் சொல்லவில்லை. கம்பளிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லிஃப்டுக்குள் போனார். கதவு மூடும்வரை அவர் பொத்தான்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பழனியப்பன், "எத்தனை மார்க்?" என்று கேட்டார். நடந்ததை அவள் சொன்னாள். மனிதர் வெகு நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"லூங்குன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"என்னமோ வரல."

"நல்லவேளை" என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், சோற்றுத்தட்டைத் தானே கழுவி வைத்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் இது நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ.

புதன் போனது, வியாழன் போனது. கலாதேவி கழுத்தில் கதவு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தாள். யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று இரண்டு நாளும் காத்திருந்தாள். துணி அறைப் பக்கம் போகும்போது அங்கிருக்கிற மங்களம், "அக்கா, உங்க பழைய ஸ்டூல் இங்கதான் இருக்கு" என்று வேறு அன்பாகச் சொல்லிவைத்தாள். அவளை என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போன் அடித்தது. உடையப்பன்.

"பாஸ்."

கலாதேவிக்கு முதலில் காதில் விழவில்லை. "என்ன சார்?"

"எழுபத்தஞ்சு எடுக்கணும். எழுபத்தாறு எடுத்திருக்கீங்க. ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள எல்லா ஸ்டிக்கரையும் உரிச்சிட்டு, மெஷின் கணக்குப்படி புதுசா ஒட்டி, போட்டோ எடுத்து அனுப்பணும்."

"அனுப்புறேன் சார். உங்களுக்கு?"

"எனக்கு ஒரு கடிதம் குடுத்திருக்காங்க. ஆறு மாசத்துக்கு நான் தனியா செய்முறை பாக்கக் கூடாதாம். கூட ஒருத்தர் நிக்கணுமாம். பரவால்ல. விளக்குக்கும் ஆள் அனுப்புறாங்க, திங்கக்கிழமை" என்றார்.

அதன்பிறகு கலாதேவி நின்ற இடம் தெரியவில்லை. ஆலிஸிடம் முடி உலர்த்துகிற சாதனத்தை இரவல் வாங்கி வந்து, பதினொரு வருடத்துப் பசையைச் சூடு காட்டி இளக்கினாள். மருந்தறையிலிருந்து கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கித் துடைத்தாள். ஆலிஸ் பக்கத்தில் நின்று, "பதினொண்ணோட முடியுதா? அப்ப பதிமூணு வராது. நல்லதுலா" என்று அனுமதி கொடுத்தாள். பூஜ்யத்திலிருந்து பதினொன்று வரை ஒவ்வொன்றாக, டிஸ்க்கைக் கை தூக்க வைத்து, ஆறுக்கு மட்டும் பக்கத்து ஆட்களைக் கை தூக்க வைத்து, பார்த்துப் பார்த்து ஒட்டினாள். நாலே முக்காலுக்குப் படம் எடுத்து உடையப்பனுக்கு அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "மூணாம் ஸ்டிக்கர் கோணலா இருக்கு."

கலாதேவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். இடக்கண்ணை மூடிப் பார்த்தாள், வலக்கண்ணை மூடிப் பார்த்தாள். கட்டைவிரலால் ஒரு முறை தடவியும் பார்த்தாள். பிறகு எழுந்து, ஸ்டோரேஜ் டெக்னீஷியன் என்கிற ஹோதாவில் தன் முதல் தொழில்நுட்ப அறிக்கையைத் தட்டி அனுப்பினாள்:

"ஸ்டிக்கர் நேராத்தான் இருக்கு அண்ணே. உங்க கம்பெனி பெட்டிதான் கோணல்."